உங்க சோபா ஆரோக்கியமா இருக்கா?

பழசைப் பிரித்து, வீட்டிலேயே புதுசாக்க ஒரு முழுப் பாடம்

வீட்டில் யாருக்காவது தும்மல், இளைப்பு, இடுப்பு வலி என்று வந்தால் என்னென்னவோ யோசிப்போம். ஐஸ் வாட்டரை நிறுத்துவோம். தலைக்குக் குளித்ததைக் குறை சொல்வோம். ஃபேனைக்கூடத் துடைப்போம். ஹாலில் பதினைந்து வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் சோபாவை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை!

சட்டையை ஒரு நாள் போட்டால் துவைக்கிறோம். தலையணை உறையை வாரத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுகிறோம். சோபாவை? வியர்வையோடு சாய்கிறோம், குழந்தை பால் கொட்டுகிறது, பெரியவர் மிக்சர் சாப்பிடுகிறார். எல்லாம் உள்ளே போகிறதே தவிர வெளியே வருவதில்லை.

‘அதுக்காகப் புது சோபா வாங்க முடியுமா?’ என்று கேட்காதீர்கள். வாங்கவே வேண்டாம். மரச்சட்டம் நன்றாக இருந்தால் போதும். இரண்டு நாள் லீவும் இரண்டு பேரின் கையும் சேர்ந்தால், பழைய சோபாவை நீங்களே பிரித்து மறுபடி கட்டிவிடலாம்.

சோபாவுக்குள் யார் குடியிருக்கிறார்கள்?

முதல் குடித்தனக்காரர், தூசுப்பூச்சி. ஆங்கிலத்தில் டஸ்ட் மைட் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து தினமும் உதிரும் தோல் துகள்தான் இதற்குச் சாப்பாடு. காற்றில் ஈரப்பசை அதிகம் இருந்தால் கொண்டாட்டம். அதனால் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இதற்குக் குறைவே இல்லை.

கடிக்காத பூச்சியால் என்ன கெடுதல் என்கிறீர்களா? அதன் கழிவில் இருக்கும் புரதம்தான் வில்லன். நாம் ‘தொப்’பென்று சோபாவில் விழும்போது அது தூசியோடு கிளம்பி மூக்குக்குள் போகிறது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு, இளைப்பு எல்லாம் வரும். வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இந்தப் பூச்சிதான் முக்கியக் காரணம் என்பதை 1964-ல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

இரண்டாவது ஆள், நமக்கு நன்றாகத் தெரிந்த மூட்டைப்பூச்சி. தையல் ஓரம், பைப்பிங் மடிப்பு, ஆணி அடித்த இடுக்கு இவைதான் அதன் வீடு. சாப்பாடு இல்லாமல் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மூன்றாவது, அடித்துணி கிழிந்திருந்தால் உள்ளே புகுந்து கூடு கட்டும் எலி. இது வேடிக்கை இல்லை. எலியின் சிறுநீர் மூலமாகத்தான் எலிக் காய்ச்சல் பரவுகிறது.

இடுப்புக்கும் சோபாவுக்கும் என்ன சண்டை?

நம் முதுகெலும்பு நேர்கோடு இல்லை. இடுப்புப் பக்கம் லேசாக முன்னால் வளைந்திருக்கும். நடுவில் குழி விழுந்த சோபாவில் உட்கார்ந்தால் இடுப்பு கீழே போகும், முழங்கால் மேலே வரும், முதுகு வில் மாதிரி பின்னால் வளையும். இயற்கையான வளைவு மாறிவிடுகிறது. இப்படி இரண்டு மணி நேரம் டி.வி. பார்த்துவிட்டு எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

மூட்டுத் தேய்மானம் உள்ள பெரியவர்களுக்குக் கஷ்டம் இரட்டிப்பு. இருக்கை தாழத் தாழ, எழுந்திருக்கும்போது முழங்காலுக்கு வேலை அதிகம். ‘என்னைக் கொஞ்சம் தூக்கி விடேம்மா’ என்று பாட்டி கேட்பது வயசால் மட்டும் இல்லை. சோபாவாலும்தான்!

பிரிப்பதற்கு முன் மூன்று பரீட்சை

1. உட்கார்ந்து பாருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். இடுப்பு, முழங்காலின் மட்டத்தில் அல்லது கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். கீழே போனால் நாடாவோ ஃபோமோ தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

2. ஆட்டிப் பாருங்கள். இரண்டு கைப்பிடியையும் பிடித்து ஆட்டுங்கள். ‘கிரீச்’ சத்தம் வந்தால் பரவாயில்லை, இணைப்பை இறுக்கிவிடலாம். மரத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தும்போது உள்ளே இறங்கினாலோ, மாவாக உதிர்ந்தாலோ, செல்லோ கரையானோ அரித்துவிட்டது. அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

3. டார்ச் அடித்துப் பாருங்கள். தையல் ஓரங்களில் பேனா மையை வைத்தது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சி முத்திரை. அப்படியானால் துணி, ஃபோம் எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் மற்ற அறைகளுக்கும் விநியோகம் ஆகிவிடும்!

என்னென்ன வேண்டும்?

ஸ்குரூ டிரைவர், குறடு, சுத்தியல், நல்ல கத்தரிக்கோல், அளவு டேப், சாக்பீஸ், கோணி ஊசி, கெட்டி நூல், அரை இன்ச் குட்டி ஆணி அல்லது மரத்தில் அடிக்கும் ஸ்டேப்ளர். இரண்டு இன்ச் அகல நாடா, கோணித் துணி, ஃபோம், காடாத் துணி, மேல்துணி. முக்கியமாக முகமூடி (என்-95 என்று கேட்டு வாங்குங்கள்), கெட்டிக் கையுறை, கால் மூடிய செருப்பு.

முதல் நாள்: பிரிப்பது

ஹாலுக்குள் பிரிக்கவே கூடாது. மொட்டை மாடி, முற்றம், வாசல் எங்கேயாவது வெளிக்காற்றில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். தூசி பறக்காமல் இருக்கத் துணிமேல் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, அடித்துணியிலிருந்து ஆரம்பியுங்கள். எது கடைசியாக அடிக்கப்பட்டதோ அதுதான் முதலில் கழற்றப்பட வேண்டும். கழற்றும் வரிசையை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். போன் இருந்தால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளலாம். மறுபடி கட்டும்போது அதே வரிசையைத் தலைகீழாகச் செய்தால் போதும். பழைய உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். தையலைப் பிரித்து ‘இருக்கை’, ‘முதுகு’, ‘இடது கை’ என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். புதுத் துணி வெட்ட அதுதான் மாதிரி.

ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். துருப்பிடித்த ஆணி குத்திவிட்டால் ‘சுண்ணாம்பு தடவினால் சரியாப்போகும்’ என்று விடாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கடைசியாகத் தனுர்வாதத் தடுப்பூசி போட்டு 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது போட்டோம் என்றே நினைவில்லாவிட்டாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

உள்ளே எலிப் புழுக்கை இருந்தால் விளக்குமாற்றைத் தொடாதீர்கள். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அந்த இடம் நனையும்படி விட்டு, பத்து நிமிஷம் கழித்துக் கையுறையோடு பழைய பேப்பரால் துடைத்து எடுங்கள். பிளீச்சிங்கோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. விஷ வாயு வரும்.

இனி மரச்சட்டம். ஆடும் மூட்டுகளில் மரப்பசை விட்டு ஸ்குரூவை இறுக்குங்கள். ஒரு ராத்திரி காயட்டும். சட்டத்தில் பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் சும்மா தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கட்டுவது

நாடா: கட்டில் நாடா பின்னுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். நாடாவின் நுனியை ஒரு இன்ச் மடித்து, சட்டத்தின் பின்பக்கம் நான்கைந்து ஆணி அடியுங்கள். மறுமுனையை ஒரு மரக்கட்டையில் சுற்றி, கட்டையைச் சட்டத்தின் ஓரத்தில் ஊன்றி நெம்புங்கள். வெறும் கையால் இழுப்பதைவிட நன்றாக இறுகும், மணிக்கட்டும் தப்பிக்கும். இறுகியபின் ஆணி அடித்து, வெட்டி, நுனியை மடித்து மறுபடி இரண்டு ஆணி. நீளவாட்டில் முடித்ததும் குறுக்குவாட்டில் மேலும் கீழுமாக நுழைத்து அடியுங்கள். இரண்டு நாடாவுக்கு நடுவே ஒன்றரை இன்ச்சுக்கு மேல் இடைவெளி வேண்டாம். உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு இன்ச்சுக்கு மேல் இறங்கினால் மறுபடி இழுத்துக் கட்டுங்கள். குழி விழும் வியாதி ஆரம்பிப்பதே இங்கேதான். மேலே எவ்வளவு விலை உயர்ந்த ஃபோம் போட்டாலும் நாடா தளர்ந்தால் இடுப்பு தப்பாது.

ஒரு எச்சரிக்கை! சில பழைய தொழிலாளிகள் ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். நீங்கள் செய்யாதீர்கள். ஒரு தும்மல் போதும், ஆணி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கோணித் துணி: நாடாவின் மேல் கோணித் துணியை விறைப்பாக விரித்துச் சுற்றிலும் அடியுங்கள். இது இல்லாவிட்டால் ஃபோம் நாடா இடுக்கில் பிதுங்கிச் சீக்கிரம் அறுந்துவிடும்.

ஃபோம்: கடையில் ‘என்ன டென்சிட்டி?’ என்று கேட்பார்கள். ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதுதான் டென்சிட்டி. தினமும் உட்காரும் இருக்கைக்கு 40 டென்சிட்டி, நாலு இன்ச் கனம் நன்றாக உழைக்கும். சாயும் பக்கத்துக்கு அதைவிடக் குறைந்தது போதும். ஆனால் டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. அதனால் நம்பரை மட்டும் பார்க்காமல் கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். எழுந்ததும் குழி உடனே நிரம்ப வேண்டும்.

சட்டத்தின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் அரை இன்ச் கூடுதலாக வெட்டி வையுங்கள். விறைப்பாக நிற்கும். ஃபோமை ஒட்ட ரப்பர் பசை கொடுப்பார்கள். அதன் நெடி தலைசுற்றலைத் தரும், சட்டென்று தீயும் பிடிக்கும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் வேலை செய்யுங்கள். காய்ந்து நெடி போகும்வரை யாரும் பக்கத்தில் படுக்க வேண்டாம்.

ஃபோம் வைத்ததும் வீட்டிலேயே அதிகம் கஷ்டப்படுபவரை, அதாவது பாட்டியையோ தாத்தாவையோ, கூப்பிட்டு உட்கார வையுங்கள். உயரம் 16 முதல் 18 இன்ச் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரி. முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் முன் ஓரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இடம் மிச்சம் இல்லாவிட்டால் முதுகுப் பக்கம் ஒரு கெட்டி குஷன் கொடுங்கள். உயரம் பற்றாவிட்டால் சோபாவின் காலுக்கு மரக்கட்டை கொடுத்து ஸ்குரூ போடுங்கள். செங்கல்லைச் சும்மா அண்டக் கொடுப்பது ஆபத்து.

துணி: இங்கேதான் ஆரோக்கியத்தின் ரகசியம் இருக்கிறது. ஆணி அடித்து நிரந்தரமாக மூடுவதைக் காடாத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் மேல் வருவது கழற்றித் துவைக்கக்கூடிய உறையாக இருக்கட்டும்.

காடாத் துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். பழைய உறையை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் இரண்டு இன்ச் விட்டு வெட்டுங்கள். முன்பக்க நடுவில் ஒரு ஆணி, இழுத்துப் பின்பக்க நடுவில் ஒன்று, இடது நடு, வலது நடு. இந்த நாலு நடுப்புள்ளி சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு நடுவிலிருந்து மூலைக்கு, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் துணி கோணிக்கொள்ளும். மூலையில் மிச்சத் துணியைத் தலையணை மாதிரி மடித்து உள்ளே தள்ளி அடியுங்கள்.

மேல் உறைக்கும் பழைய உறையே மாதிரி. பின்பக்கம் ஜிப் வைத்துத் தையுங்கள். தையல் மிஷின் இல்லையென்றால் வெட்டிக் கொடுத்தால் தெருமுனைத் தையல்காரரே தைத்துவிடுவார். பூப்போட்ட துணியானால் எல்லாப் பூவும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று வெட்டுவதற்கு முன் சரிபாருங்கள்!

கடைசியாகச் சோபாவைக் கவிழ்த்து அடித்துணியை ஓட்டை இல்லாமல் அடியுங்கள். எலிக்கு இதுதான் பூட்டு.

எந்தத் துணி நல்லது?

ரெக்ஸின் துடைக்கச் சுலபம். தூசுப்பூச்சி உள்ளே போகாது. அலர்ஜிக்காரர்களுக்கு அந்த வகையில் நல்லதுதான். ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் முதுகு ஒட்டிக்கொள்ளும், வியர்க்குரு வரும். வெல்வெட் கண்ணுக்கு அழகு, தூசிக்குச் சொர்க்கம். நெருக்கமாக நெய்த கெட்டிக் காட்டன்தான் நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது. கரூரும் சென்னிமலையும் வீட்டு உபயோகத் துணிக்குப் பேர்போன ஊர்கள். அங்கே நெய்த கெட்டித் துணி பெரிய நகரங்களின் ஜவுளிக்கடைகளிலும் கிடைக்கும். இரண்டு செட் உறை தைத்துக்கொண்டால் ஒன்று துவைக்கும்போது ஒன்று போடலாம்.

தூசுப்பூச்சி சாக வேண்டுமானால் துவைக்கும் தண்ணீர் சுமார் 60 டிகிரி சூடு இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் தேவையில்லை. கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வந்துவிடும். குச்சியால் கிளறுங்கள், கையை விடாதீர்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். சாயம் போகுமா என்று முதலில் ஒரு மூலையை நனைத்துப் பாருங்கள்.

பழைய ஃபோமைப் போகிக்குக் கொளுத்தலாமா?

கூடவே கூடாது! சோபாவில் இருப்பது பாலியூரிதேன் ஃபோம். எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷ வாயுவும் வரும். 1979 மே 8-ம் தேதி இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து உல்வொர்த்ஸ் கடையில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். அங்கே எரிந்தது ஃபோம் வைத்த சோபா, நாற்காலிகள்தான். அதற்குப் பிறகு 1988-ல் அந்த நாட்டில் சோபாக்களுக்கென்றே தீப் பாதுகாப்பு விதிகள் வந்தன.

எனவே பழைய ஃபோமைப் பையில் கட்டி, குப்பை எடுக்க வருபவர்களிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ‘வீணாப் போகுதே’ என்று குழந்தைக்குத் தலையணை தைக்காதீர்கள். புதுச் சோபா ஆனாலும் கொசுவர்த்திச் சுருளை அதன் அடியில் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

சில சந்தேகங்கள்

‘பூச்சி வராமல் இருக்க உள்ளே பாச்சை உருண்டை போடலாமா?’

வேண்டாம். அதில் இருப்பது நாப்தலீன். ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைபாடு சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், வெளியே தெரியாது. அவர்களுக்கு, முக்கியமாகப் பிறந்த குழந்தைகளுக்கு, நாப்தலீன் நெடி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம்.

‘மூட்டைப்பூச்சிக்கு வயலுக்கு அடிக்கும் மருந்து அடிக்கலாமா?’

அது வயலுக்கு. நீங்கள் மூச்சு விடும் ஹாலுக்கு அல்ல. மண்ணெண்ணெயும் வேண்டாம், தீ ஆபத்து. உறையைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். சட்டத்தின் இடுக்குகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். முட்டை ஒன்றிரண்டு வாரத்தில் பொரியும். அதனால் பத்து நாள் கழித்து மறுபடி ஒரு தடவை செய்ய வேண்டும். அப்படியும் போகாவிட்டால் பூச்சி ஒழிப்பவர்களைக் கூப்பிடுங்கள்.

‘குஷனில் பட்டன் வைத்துத் தைத்தால் அழகாக இருக்குமே?’

வீட்டில் மூன்று வயசுக்குள் குழந்தை இருந்தால் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டு விழுங்கிவிடும். இன்னொன்று, கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி சோபாவில் தூங்கிவிடாதீர்கள். குஷன் இடுக்கில் முகம் புதைந்து மூச்சு முட்டிப்போகும். எவ்வளவு நல்ல சோபாவானாலும் அது குழந்தைக்குப் படுக்கை அல்ல.

‘சோபாவைப் புதுப்பித்தால் ஆஸ்துமா போய்விடுமா?’

போகாது. தூசி குறையும், அவ்வளவுதான். படுக்கை, தலையணை, திரைச்சீலை எல்லாம் சேர்ந்து சுத்தமானால்தான் பலன் தெரியும். சோபா மாறிவிட்டது என்று இன்ஹேலரையோ மாத்திரையையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும்.

‘எனக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. இந்த வேலை செய்யலாமா?’

சோபாவைத் தூக்குவது, நாடா இழுப்பது இரண்டையும் வேறொருவரிடம் விடுங்கள். உறை வெட்டுவது, அளவெடுப்பது உங்கள் பங்கு. குனிந்து வேலை செய்யாமல் சட்டத்தை மேஜை உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்.

கட்டி முடித்த பிறகு

வாரம் ஒரு முறை வாக்குவம் கிளீனர் அல்லது ஈரத் துணி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உறை துவையல். மழைக்காலம் முடிந்ததும் ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தி வெயிலும் காற்றும் காட்டுவது. வருஷத்துக்கு ஒரு தடவை கவிழ்த்துப் போட்டு நாடாவை அழுத்திப் பார்ப்பது. ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டைத் துடைக்கிறோமே, அன்றைக்கு இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. தளர்ந்த ஒரு நாடாவை அப்போதே மாற்றிவிட்டால், மொத்த சோபாவையும் மறுபடி பிரிக்கிற வேலை பல வருஷத்துக்கு இருக்காது.